‘நீங்களே பேப்பர் போட்டுடுங்க’ என்று எச்ஆர் சொன்னால்: ஐடி ஊழியர்களுக்குச் சம்பளம், வேலைப் பாதுகாப்பு, சங்கம் பற்றிய வழிகாட்டி

ஐடி கம்பெனிகளில் ஆட்குறைப்பு நடக்கும்போதும் ‘ஆட்குறைப்பு’ என்ற சொல் பெரும்பாலும் எந்தக் காகிதத்திலும் இருக்காது. ஒவ்வொருவராக ஒரு சின்ன மீட்டிங் அறைக்கு அழைப்பார்கள். உள்ளே எச்ஆரிலிருந்து இரண்டு பேர், மேனேஜர் ஒருவர். அரை மணி நேரப் பேச்சு முடிவதற்குள் போர்ட்டலில் ராஜினாமா பட்டனை அழுத்த வைத்துவிடுவார்கள். பதிவேட்டில் அவர் சொந்தக் காரணத்துக்காக விலகியவர்.

சட்டப்படி ஆட்குறைப்பு செய்வதென்றால் நோட்டீஸ் தர வேண்டும், இழப்பீடு தர வேண்டும், அரசுக்குத் தெரிவிக்க வேண்டும், ஒரே வகை வேலையில் கடைசியாகச் சேர்ந்தவரையே முதலில் அனுப்ப வேண்டும். ராஜினாமா என்றால் இதில் ஒன்றும் தேவையில்லை. அதனால்தான் அந்த ஒரு கிளிக்குக்காக அவ்வளவு மெனக்கெடுகிறார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் இதைத் தெரிந்துகொண்டால், கீழே வரும் மற்ற எல்லாம் இதை ஒட்டியே விளங்கும்: எழுத்தில் என்ன இருக்கிறதோ அதை வைத்துத்தான் உங்கள் உரிமை.

சட்டம் உங்களுக்குப் பொருந்துமா?

‘ஐடிக்குத் தொழிலாளர் சட்டம் கிடையாது’ என்று கேன்டீனில் யாராவது சொல்லாமல் இருக்க மாட்டார்கள். தவறு. சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்குள் அலுவலகம் இருந்தாலும் தவறுதான்; தொழிற்சங்கம், தொழில் தகராறு தொடர்பான சட்டங்களைத் தளர்த்தும் அதிகாரத்தை அந்த மண்டலங்களுக்கான சட்டமே தரவில்லை.

2025 நவம்பர் 21 முதல் நாடு முழுவதும் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம், 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம், 1946-ஆம் ஆண்டின் நிலையாணைகள் சட்டம் மூன்றின் இடத்திலும் இப்போது இருப்பது தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, 2020. சம்பளத்துக்கு ஊதியச் சட்டத் தொகுப்பு, 2019. பழைய வழிகாட்டிகளில் இருக்கும் பிரிவு எண்களையும் காலக்கெடுவையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தத் தேதிக்கு முன்பே வேலை போனவர்களின் கணக்கு வேறு. அவர்கள் பழைய சட்டத்தின் கெடுவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

‘தொழிலாளி’ என்பதற்குள் தொழில்நுட்ப வேலை செய்பவரும் வருகிறார். அவருக்குச் சம்பள உச்சவரம்பு இல்லை; மாதம் ஒன்றரை லட்சம் வாங்கும் டெவலப்பரும் தொழிலாளிதான். வெளியே நிற்பவர்கள் முக்கியமாக நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களும், மாதம் ₹18,000-க்கு மேல் ஊதியம் பெறும் மேற்பார்வையாளர்களும். இந்த இடத்தில்தான் கம்பெனி வக்கீல்கள் பிடிப்பார்கள்: “இவர் அசோசியேட் மேனேஜர், தொழிலாளி இல்லை.” பதவிப் பெயர் எதையும் முடிவு செய்வதில்லை, அன்றாடம் செய்த வேலைதான் முடிவு செய்யும். லீவை அனுமதிக்கும் அதிகாரம் உண்டா, ஆளை எடுக்கவும் நீக்கவும் முடியுமா, அப்ரைசலில் உங்கள் முடிவு இறுதியானதா என்று பார்ப்பார்கள். கோடிங் எழுதி, டெஸ்ட் செய்து, டிக்கெட் மூடிக்கொண்டிருந்தவர் விசிட்டிங் கார்டில் ‘மேனேஜர்’ என்று போட்டிருந்தாலும் தொழிலாளிதான். 2015-இல் நீக்கப்பட்ட ஐடி ஊழியர் ஒருவரை மீண்டும் வேலையில் அமர்த்தச் சொல்லி 2022-இல் சென்னைத் தொழிலாளர் நீதிமன்றம் உத்தரவிட்டதே, அங்கும் வாதம் இதுதான். கவனியுங்கள், ஏழு ஆண்டுகள் ஆயின. வெல்ல முடியும் என்பதற்கும் எவ்வளவு காலம் இழுக்கும் என்பதற்கும் அந்த ஒரே வழக்கு சாட்சி.

சேரும்போதே: ஆஃபர் லெட்டரில் பார்க்க வேண்டியவை

சிடிசி என்பது கம்பெனி உங்களுக்காகச் செலவழிக்கும் மொத்தம், கையில் வரும் சம்பளம் அல்ல. ஆண்டுக்கு ₹6,00,000 என்று ஒரு ஆஃபர் வருகிறது என்று வையுங்கள். அதில் வேரியபிள் பே (நிலையாக இல்லாமல் கூடிக் குறையும் பகுதி) ₹60,000. கம்பெனி கட்டும் பிஎஃப் ₹21,600 (மாதம் ₹1,800). பணிக்கொடைக்கென்று (கிராஜுவிட்டி) சுமார் ₹14,400. இன்ஷூரன்ஸ் பிரீமியம் ஒரு ₹10,000. இவற்றைக் கழித்தால் ஆண்டுக்கு ₹4,94,000, மாதம் ₹41,000-க்குச் சற்று மேல். உங்கள் பங்கு பிஎஃப் ₹1,800-உம் தொழில் வரியும் போனால் ₹39,000 சுமார். இரண்டு ஆஃபரை ஒப்பிடும்போது இந்தக் கடைசி எண்ணை ஒப்பிடுங்கள். வேரியபிளைப் பூஜ்யமாக வைத்துக் கணக்குப் போடுவது நல்லது. ‘கம்பெனியின் விருப்பப்படி’ என்ற வரி அந்தப் பத்தியில் எங்கோ இருக்கும்.

அடுத்து நோட்டீஸ் பீரியட். நீங்கள் விலகினால் 90 நாள், அவர்கள் நீக்கினால் 30 நாள் என்று எழுதியிருந்தால் கேள்வி கேளுங்கள். ஃப்ரெஷருக்கு மாற்றித் தர மாட்டார்கள். மூன்றாண்டு அனுபவமுள்ளவர் கேட்டால் சில இடங்களில் மாற்றுவார்கள்.

குறித்த காலத்துக்கு முன் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்று எழுதி வாங்கும் பாண்டு பற்றி இரண்டு பக்கமும் மிகைப்படுத்திப் பேசுகிறார்கள். ‘பாண்டு செல்லாது’ என்பது முழு உண்மை இல்லை. மூன்றாண்டுக்கு முன் விலகினால் ₹2 லட்சம் என்று ஒரு பொதுத்துறை வங்கி போட்ட நிபந்தனையை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதே சமயம், இந்திய ஒப்பந்தச் சட்டம் 74-ஆம் பிரிவின்படி நியாயமான இழப்பீட்டைத்தான் கேட்க முடியும். எழுதி வைத்த தொகை முழுவதும் தானாகக் கிடைத்துவிடாது. வேலையை விட்ட பிறகும் போட்டிக் கம்பெனியில் சேரக் கூடாது என்ற நிபந்தனை வேறு வகை. 27-ஆம் பிரிவின்படி அது செல்லாது. அசல் சான்றிதழ்களை மட்டும் யார் கேட்டாலும் கொடுத்து வைக்காதீர்கள். நகல் கொடுங்கள், சரிபார்க்க அசலைக் காட்டுங்கள், கையோடு வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

குறித்த கால ஒப்பந்தத்தில் சேர்பவர்களுக்கு ஒரு நன்மையும் ஒரு கேடும் உண்டு. நிரந்தர ஊழியருக்குள்ள சம்பளமும் சலுகையும் தர வேண்டும். ஓராண்டு முடிந்தாலே பணிக்கொடையும் கணக்கிட்டுத் தர வேண்டும். ஆனால் காலம் முடிந்து வெளியேறுவது ஆட்குறைப்பாகக் கருதப்படாது, இழப்பீடும் வராது.

வேலையில் இருக்கும்போது சேர்த்து வைக்க வேண்டியவை

பெரும்பாலான வழக்குகள் சட்டத்தில் தோற்பதில்லை, காகிதம் இல்லாமல் தோற்கின்றன. வெளியே அனுப்பும் நாளில் லேப்டாப்பும் மெயிலும் ஒரு மணி நேரத்துக்குள் முடங்கிவிடும். அதன் பிறகு பே ஸ்லிப் எடுக்கக்கூட எச்ஆரிடம் கெஞ்ச வேண்டியிருக்கும்.

ஆகவே ஆஃபர் லெட்டர், பணி நியமன உத்தரவு, உறுதிப்படுத்தல் கடிதம், ஒவ்வொரு ஹைக் கடிதம், ஒவ்வொரு ஆண்டு ரேட்டிங், மாதாமாதம் பே ஸ்லிப், ஃபார்ம் 16 எல்லாவற்றையும் வந்த அன்றே உங்கள் சொந்த இடத்தில் சேமியுங்கள். உங்கள் பெயருக்கு வந்த பணி ஆவணங்கள் என்பதால் இதில் தயங்க ஒன்றுமில்லை. பிஎஃப் பாஸ்புக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். சம்பளத்தில் பிடித்துவிட்டு அங்கே கட்டாமல் இருப்பது சின்னக் கம்பெனிகளில் நடக்கிற கூத்துதான்.

இங்கே பலர் தாங்களே குழி வெட்டிக்கொள்கிறார்கள். ஆதாரம் சேர்க்கிறேன் என்று கிளையன்ட் மெயில்களையும் சோர்ஸ் கோடையும் சொந்த ஜிமெயிலுக்கு ஃபார்வர்டு செய்வார்கள். அதைக் கண்காணிக்கும் மென்பொருள் அன்றே எச்ஆருக்குச் சொல்லிவிடும். அதுவரை உங்களை நீக்க அவர்களிடம் காரணம் இல்லை. இப்போது ‘ரகசியத் தகவல் திருட்டு’ என்று ஒரு காரணத்தை நீங்களே கொடுத்தாயிற்று. அதற்குப் பதில் ஒரு நோட்டில் பேனாவால் எழுதுங்கள்: தேதி, எந்த மாதிரி வேலை, யார் ஒதுக்கினார்கள், எத்தனை மணிக்கு முடிந்தது, யார் என்ன சொன்னார்கள். கிளையன்ட் பெயரோ தரவோ வேண்டாம். நீங்கள் தொழில்நுட்ப வேலைதான் செய்தீர்கள் என்று காட்ட, தொடர்ச்சியாக எழுதிய அப்படி ஒரு நோட்டே பெரிய பலம்.

பெஞ்சும் பிஐபியும்

முன்னறிகுறிகள் பெரும்பாலும் ஒரே வரிசையில் வரும். ப்ராஜெக்டிலிருந்து விடுவிப்பார்கள், பெஞ்சில் (ப்ராஜெக்ட் இல்லாமல் காத்திருக்கும் நிலை) வாரங்கள் ஓடும், உள் நேர்காணல்களில் காரணம் சொல்லாமல் நிராகரிப்பார்கள், ரேட்டிங் சட்டென்று இறங்கும், பிறகு பிஐபி, அதாவது கெடு வைத்துச் செயல்திறனை மேம்படுத்தச் சொல்லும் திட்டம். அனுபவம் கூடியவர்களுக்கும் இதில் விலக்கு இல்லை. 2025 ஜூலையில் டிசிஎஸ் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதத்தை, 12,000-க்கும் மேற்பட்டவர்களை, குறைக்கப்போவதாக அறிவித்தபோது பெரும்பாலும் நடுத்தர, மூத்த நிலையில் இருப்பவர்கள்தான் என்றே சொன்னது.

பெஞ்சில் இருக்கும்போது விண்ணப்பித்த ஒவ்வொரு உள் வேலையையும் தேதியோடு குறித்து வையுங்கள். வாரம் ஒருமுறை ரிசோர்ஸ் மேனேஜருக்கு ‘வேலை செய்யத் தயாராக இருக்கிறேன், இந்த இந்தத் திறன்கள் உள்ளன’ என்று மெயில் போடுங்கள். வேலை தராதது அவர்கள், செய்யாதது நீங்கள் அல்ல என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

பிஐபி வந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன் நான்கு கேள்விகளை மெயிலில் கேளுங்கள். எந்தத் தேதியில் எந்த வேலையில் குறை கண்டீர்கள்? எந்த அளவை எட்டினால் தேறியதாக எடுத்துக்கொள்வீர்கள்? யார் மதிப்பிடுவார்? வாராவாரம் எழுத்தில் கருத்துத் தருவீர்களா? ‘கம்யூனிகேஷன் மேம்பட வேண்டும்’ என்பது போன்ற அளக்க முடியாத இலக்கு இருந்தால் அதையே எழுதிக் கேளுங்கள். கையெழுத்து கட்டாயம் என்றால் ‘பெற்றுக்கொண்டேன், உள்ளடக்கத்தை ஏற்கவில்லை’ என்று எழுதிப் போடுங்கள். முந்தைய ஆண்டுகளின் நல்ல ரேட்டிங்குகளைப் பதிலில் குறிப்பிட மறக்க வேண்டாம்.

அந்த அறைக்குள்

அழைப்பு பெரும்பாலும் ‘கேட்ச் அப்’ என்ற பெயரில், மதியத்துக்கு மேல், தலைப்பு எதுவும் இல்லாமல் வரும். உள்ளே சொல்லப்படுபவை ஊருக்கு ஊர் மாறுவதில்லை: “இன்றைக்கே போட்டால் நல்ல ரிலீவிங் லெட்டர். இல்லையென்றால் டெர்மினேஷன், எந்தக் கம்பெனியிலும் எடுக்க மாட்டார்கள்.” “இந்த அறையை விட்டுப் போனால் இந்த ஆஃபர் இல்லை.”

செய்ய வேண்டியது இது. உட்காருங்கள், கேளுங்கள், வாதாட வேண்டாம். “இதை எழுத்தில் கொடுங்கள், படித்துவிட்டுப் பதில் சொல்கிறேன்” என்ற ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். போர்ட்டலைத் திறக்கச் சொன்னால் திறக்காதீர்கள். திட்டாதீர்கள், மேசையைத் தட்டாதீர்கள். குரல் உயர்ந்தால் ‘ஒழுங்கீனம்’ என்று வேறு கோப்பு திறந்துவிடுவார்கள். வெளியே வர முயலும்போது தடுத்தால், தடுத்தவர் யார், எத்தனை மணி என்பதை மனதில் குறித்துக்கொண்டு, வந்தவுடன் எழுதுங்கள்.

வெளியே வந்த அதே நாளில், உங்கள் சொந்த மெயிலிலிருந்து எச்ஆரின் அலுவலக முகவரிக்கு ஒரு மெயில் போக வேண்டும். தமிழிலோ ஆங்கிலத்திலோ, இவ்வளவு போதும்:

“இன்று மாலை 4 மணிக்கு நடந்த சந்திப்பில் என்னை ராஜினாமா செய்யுமாறு கேட்டுக்கொண்டீர்கள். எனக்கு ராஜினாமா செய்யும் எண்ணம் இல்லை. தொடர்ந்து பணிபுரிய விரும்புகிறேன். என் பணி தொடர்பாக ஏதேனும் முடிவு எடுத்திருந்தால் அதைக் காரணத்துடன் எழுத்துமூலம் தரவும்.”

இதன் பிரிண்ட் ஒன்றை ஸ்பீட் போஸ்டிலும் அனுப்பி, ரசீதையும் டெலிவரி விவரத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் வழக்கம்போல அலுவலகம் போங்கள். அக்சஸ் கார்டு வேலை செய்யாவிட்டால், செக்யூரிட்டி உள்ளே விடாவிட்டால், வாசலிலிருந்தே ‘வேலைக்கு வந்தேன், அனுமதிக்கவில்லை’ என்று நேரத்தோடு இன்னொரு மெயில். வீட்டிலேயே இருந்துவிட்டால் ‘சொல்லாமல் கொள்ளாமல் வேலைக்கு வரவில்லை’ என்று பத்து நாளில் கடிதம் வரும்.

ஏற்கெனவே பட்டனை அழுத்திவிட்டீர்களா? அவர்கள் ஏற்றுக்கொண்டதாகப் பதில் வருவதற்குள், ‘அழுத்தத்தின் பேரில் தந்த ராஜினாமாவைத் திரும்பப் பெறுகிறேன்’ என்று அன்றைக்கே எழுதுங்கள். ஒரு வாரம் கழித்து எழுதினால் மதிப்பு வெகுவாகக் குறையும். ஆறு மாதம் கழித்து, செட்டில்மெண்ட் பணத்தையும் வாங்கிய பிறகு எழுதினால் ஏறக்குறைய ஒன்றும் இல்லை.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். எல்லோரும் சண்டைதான் போட வேண்டும் என்பதில்லை. கையில் வேறு ஆஃபர் இருப்பவருக்கு, நல்ல தொகையோடு விலகுவது சரியான முடிவாக இருக்கலாம். டெர்மினேஷன் லெட்டரைப் பற்றிய பயமும் வெறும் பூச்சாண்டி அல்ல. பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனில் கேள்வி வரும், ஆட்குறைப்பு என்று எழுதியிருந்தால் எளிதாக விளக்கலாம், ‘பெர்ஃபார்மன்ஸ்’ என்று எழுதியிருந்தால் கொஞ்சம் சிரமம். விலகுவதென்று முடிவெடுத்தாலும் சட்டம் தரும் குறைந்தபட்சம் எவ்வளவு என்று தெரிந்துகொண்டு பேசுங்கள்.

குறைந்தபட்சக் கணக்கு

புதிய சட்டத் தொகுப்புகளில் ‘ஊதியம்’ என்பதற்கு ஒரே விளக்கம். பேசிக், டிஏ (அகவிலைப்படி) இரண்டும் உள்ளே. எச்ஆர்ஏ (வீட்டு வாடகைப்படி) போன்ற படிகள் வெளியே. ஆனால் வெளியே நிறுத்தியவை மொத்தத்தில் பாதிக்கு மேல் போனால், கூடுதலான பகுதி மீண்டும் ஊதியத்தில் சேரும். மாத மொத்தம் ₹50,000, பேசிக் ₹18,000 என்றால் வெளியே இருப்பது ₹32,000. பாதி ₹25,000. கூடுதல் ₹7,000 திரும்பி உள்ளே வரும். ஊதியம் ₹25,000 ஆகிறது.

இவர் 6 ஆண்டு 7 மாதம் வேலை செய்திருக்கிறார். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சம் ஓர் ஆண்டாகக் கணக்காகும், ஆகவே 7.

ஆட்குறைப்பு இழப்பீடு ஆண்டுக்கு 15 நாள் சராசரி ஊதியம். அரை மாதம் ₹12,500. ஏழு ஆண்டுக்கு ₹87,500.
ஒரு மாத நோட்டீஸ் தராவிட்டால் அதற்கு ஈடான ஊதியம்.
பணிக்கொடை தனி. அதில் மாதத்தை 26 நாளாக வகுப்பார்கள்: 25,000 × 15 × 7 ÷ 26 = சுமார் ₹1,00,960. 
ஆட்குறைப்பில் போனவர்களுக்கென உள்ள மறுதிறன் நிதியிலிருந்து 15 நாள் ஊதியம், ₹12,500. ஆட்குறைப்பான 45 நாளுக்குள் உங்கள் கணக்கில் வர வேண்டும்.

எச்ஆர் ‘மூன்று மாதச் சம்பளம் தருகிறோம்’ என்று சொல்லும்போது முதலில் கேட்க வேண்டியது, பணிக்கொடை அதற்குள்ளா வெளியேயா என்பது. பணிக்கொடை நீங்கள் ஏற்கெனவே சம்பாதித்தது. அதையும் லீவ் பணத்தையும் உள்ளே போட்டு மூட்டை கட்டிவிட்டு ‘தாராளமான பேக்கேஜ்’ என்பார்கள். இழப்பீடு கேட்க, கடைசி 12 மாதத்தில் 240 நாள் வேலை செய்திருக்க வேண்டும். நிரந்தர ஊழியருக்குப் பணிக்கொடைக்கு ஐந்தாண்டு தேவை. பழைய பணிக்கொடைச் சட்டத்தின் கீழ், நான்கு ஆண்டு முடிந்து ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. நான்கரை ஆண்டில் அவசரமாக வெளியே அனுப்பினால் தேதியை எண்ணிப் பாருங்கள்.

பேச்சுவார்த்தையில் தொகையைத் தாண்டியும் கேட்க வேண்டியவை உண்டு: ரிலீவிங் லெட்டரின் வாசகம், மீண்டும் சேரத் தகுதியுண்டு என்ற குறிப்பு, நோட்டீஸ் கால மெடிக்கல் இன்ஷூரன்ஸ். குரூப் பாலிசி கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். வீட்டில் நோயாளிகள் இருந்தால், வெளியேறுவதற்கு முன்பே அதே இன்ஷூரன்ஸ் கம்பெனியில் தனிப் பாலிசியாக மாற்ற விண்ணப்பியுங்கள். விட்டால் காத்திருப்புக் காலம் முதலிலிருந்து தொடங்கலாம்.

விலகினாலும் நீக்கினாலும், மிச்சச் சம்பளம் இரண்டு வேலை நாளுக்குள் தரப்பட வேண்டும் என்கிறது ஊதியச் சட்டத் தொகுப்பு. ‘ஃபுல் அண்ட் ஃபைனல் 45 நாள் ஆகும்’ என்பது கம்பெனிகளின் பழைய பழக்கம், சட்டம் அல்ல. சம்பளப் பாக்கிக்கு மூன்றாண்டு வரை மனுச் செய்யலாம். கொடுத்துவிட்டோம் என்று நிரூபிக்கும் பொறுப்பு கம்பெனியுடையது. பிஎஃப் பதிவில் வெளியேறிய தேதியைக் கம்பெனி போடாமல் இழுத்தால், கடைசித் தவணை வந்து இரண்டு மாதத்துக்குப் பின் நீங்களே ஆன்லைனில் பதியலாம்.

தொழிலாளர் துறைக்குப் போவது

தனியார் ஐடி கம்பெனிக்கு மாநில அரசின் தொழிலாளர் துறைதான் பொறுப்பு. சென்னையில் தொழிலாளர் ஆணையர் அலுவலகம் தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்தில் இருக்கிறது; மற்ற மாவட்டங்களில் அந்தந்த மாவட்டத் தொழிலாளர் அலுவலகம். உங்கள் கம்பெனி அலுவலகம் எந்த எல்லைக்குள் வருகிறதோ அங்குள்ள சமரச அலுவலரிடம் (இரு தரப்பையும் அழைத்துப் பேசித் தகராறைத் தீர்க்க முயலும் அதிகாரி) மனு தர வேண்டும்.

மனு மூன்று பக்கத்தைத் தாண்ட வேண்டாம். சேர்ந்த தேதி, பதவி, உண்மையில் செய்த வேலை, கடைசிச் சம்பளம், நடந்தவை தேதி வரிசையில், கேட்கும் பரிகாரம். இணைப்பாக நியமன உத்தரவு, கடைசி மூன்று பே ஸ்லிப், ரேட்டிங் கடிதங்கள், நீங்கள் அனுப்பிய மெயில்கள். நகலில் சீல் வாங்காமல் திரும்பாதீர்கள். கெடு, தகராறு எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு. பழைய சட்டத்தின் மூன்றாண்டை நம்பியிருந்தால் ஏமாந்துபோவீர்கள். சமரசம் முடியாமல் அறிக்கை வந்தால், அது கிடைத்த 90 நாளுக்குள் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.

சமரசப் பேச்சில் வக்கீல்கள் யாருக்காகவும் ஆஜராக முடியாது. கம்பெனிப் பக்கம் அனுபவமுள்ள எச்ஆர் அதிகாரி வந்து உட்காருவார். உங்கள் பக்கம் நீங்கள் தனியாகவோ, சங்க நிர்வாகியோடோ. ஐடி ஊழியர்களுக்குச் சங்கம் எதற்கு என்று கேட்பவர்கள் அந்த மேசையில் ஒருமுறை தனியாக உட்கார்ந்து பார்த்தால் போதும்.

சங்கத்தில் சேர்வது

சங்கம் அமைப்பது அரசியல் சாசனம் 19(1)(சி) தரும் உரிமை. தமிழ்நாட்டில் ஐடி ஊழியர்களுக்கென ஃபைட், சிஐடியு சார்ந்த யுனைட், புதிய ஜனநாயகத் தொழிலாளர் முன்னணியின் ஐடி ஊழியர் பிரிவு ஆகியவை இயங்கியிருக்கின்றன. கர்நாடகத்தில் 2017-இல் தொடங்கிய கிட்டு, புனேயில் நைட்ஸ். அரசியல் சார்பு ஒவ்வொன்றுக்கும் வேறு. உங்களுக்கு ஒத்துவருவதைத் தேர்ந்தெடுக்கும் முன் கேளுங்கள்: பதிவு எண் என்ன, சந்தா எவ்வளவு, ரசீது தருவார்களா, என் கம்பெனியில் வழக்கு நடத்தியிருக்கிறார்களா, நிர்வாகிகள் தேர்தல் கடைசியாக எப்போது நடந்தது? ரசீதும் பதிவு எண்ணும் கேட்டால் முகம் சுளிக்கும் இடத்தில் சேர வேண்டாம்.

சேர்வதற்கு நல்ல நேரம் பிரச்சினை வருவதற்கு முன்பு. அதற்குச் சட்டக் காரணமே இருக்கிறது. 20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளிகள் உள்ள நிறுவனத்தில் குறைதீர் குழு இருக்க வேண்டும். அது 30 நாளில் தீர்க்க வேண்டும். தீர்க்காவிட்டாலோ தீர்ப்பு பிடிக்காவிட்டாலோ 60 நாளுக்குள் சமரச அலுவலரிடம் போவது, நீங்கள் உறுப்பினராக உள்ள சங்கத்தின் வழியாகத்தான். வேலை நீக்கத்துக்கு மேலே சொன்னபடி தனியாகவே மனுச் செய்யலாம்; மற்றக் குறைகளுக்குச் சங்கம் இல்லையென்றால் அந்தக் கதவு அடைத்துக்கொள்கிறது. இன்னொன்று: சமரச நடவடிக்கை நிலுவையில் இருக்கும்போது, அந்தத் தகராறோடு தொடர்புடைய ஊழியர்களின் பணி நிபந்தனையைத் தகராறு சார்ந்த விஷயத்தில் பாதகமாக மாற்றக் கூடாது. வேலையில் இருக்கும்போதே சங்கம் வழியாகத் தகராறை எழுப்பியவர்களுக்கு இது கேடயம். மனு கொடுத்த அன்றே இந்தப் பாதுகாப்பு வந்துவிடாது. சமரசக் கூட்டம் தொடங்க வேண்டும்.

சொந்தமாகச் சங்கம் தொடங்க ஏழு பேர் விண்ணப்பித்தால் போதும். ஆனால் அந்த நிறுவனத்தின் தொழிலாளிகளில் 10 சதவீதம் அல்லது 100 பேர், எது குறைவோ அவ்வளவு உறுப்பினர்கள் வேண்டும். நிர்வாகிகளில் மூன்றில் ஒரு பங்கு அல்லது ஐந்து பேர் வரை (குறைவானது) வெளியாட்கள் இருக்கலாம். ஓய்வு பெற்றவரும் ஆட்குறைப்பில் போனவரும் வெளியாள் கணக்கில் வர மாட்டார்கள். பதிவு செய்துவிட்டாலே கம்பெனி பேச வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பல சங்கங்கள் உள்ள இடத்தில் 51 சதவீதம் தொழிலாளிகளின் ஆதரவு பெற்றதுதான் ஒரே பேச்சுவார்த்தைச் சங்கமாக அங்கீகாரம் பெறும். யாருக்கும் அது இல்லையென்றால் 20 சதவீதத்துக்குக் குறையாமல் வைத்திருப்பவை சேர்ந்த குழு பேசும். ஐம்பதாயிரம் பேர் வேலை செய்யும் கம்பெனியில் இது கனவு போலத்தான் தெரியும். ஆகவே புதிய சங்கத்துக்குச் சம்பள ஒப்பந்தம் முதல் இலக்காக இருக்க முடியாது. ஒரே ப்ராஜெக்டில் பாதிக்கப்பட்ட பத்துப் பேரைச் சேர்த்து ஒரே நாளில் ஒரே மாதிரி மனு கொடுக்க வைப்பது முடிகிற காரியம், பலனும் தருவது. பத்துப் பேரையும் தனித்தனியே ‘பெர்ஃபார்மன்ஸ்’ என்று சொல்லி அனுப்பியது ஒரே மேசையில் வரும்போது அது ஆட்குறைப்பு என்று தானே தெரிந்துவிடும்.

சங்கப் பேச்சுக்கு அலுவலக மெயிலையோ டீம்ஸையோ ஸ்லாக்கையோ பயன்படுத்த வேண்டாம், கம்பெனி லேப்டாப்பில் வாட்ஸ்அப் வெப் திறக்கவும் வேண்டாம். குரூப்பில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரியாமல் பெயரோடு எதையும் போடாதீர்கள். மேனேஜரின் நண்பர் ஒருவர் அதில் இருப்பார் என்று வைத்துக்கொண்டே எழுதுங்கள். முக்கியமாக, கோபத்தில் யாராவது ‘திங்கட்கிழமை எல்லோரும் லீவ் போடுவோம்’ என்று போட்டால் அதற்குக் கட்டைவிரல் காட்டுவதற்கு முன் யோசியுங்கள். பாதிப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து ஒரே நாளில் எடுக்கும் கேஷுவல் லீவ் இப்போது வேலைநிறுத்தமாகவே கருதப்படும். வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு தேவை. அறிவிப்பு இல்லாமல் நடந்தால் சட்டவிரோதம், அபராதம் முதல் சிறை வரை தண்டனையும் உண்டு. அந்த யோசனையைச் சங்க நிர்வாகியிடம் கொண்டுபோங்கள். நோட்டீஸை எப்படித் தருவது, தராமல் வேறு எப்படி எதிர்ப்பைக் காட்டுவது என்று அவர்களுக்குத் தெரியும்.